பி.ஆர்க் (கட்டடக்கலை இளங்கலை) முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. சுற்றுச்சூழல் வடிவமைப்பு படிக்க வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா? எப்படித் தயாராவது?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். நான் சென்னையில் பி.ஆர்க் முடித்து, அடையாறில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகையில் ஜெர்மனி போய்ப் படித்துத் திரும்பியவள். இப்போது ஜூனியர்கள் எழுதும் எஸ்.ஓ.பி.க்களை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரைகளை, படித்துக் கருத்துச் சொல்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் தகுதி. எல்லோரும் முதலில் சொல்லும் இரண்டு பெயர்கள் அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட்-நேரு, பிரிட்டனில் படிக்க செவனிங். ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெலோஷிப்புக்கு மூன்று வருட முழுநேர வேலை அனுபவம் வேண்டும். செவனிங்குக்கு இரண்டு வருடம், அதாவது 2,800 மணி நேரம். ஒரு வருடப் பட்டதாரிக்கு இவை இரண்டும் இப்போது இல்லை. ஆனால் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு கட்டடக்கலைக்கென்றே ஒரு முதுகலை உதவித்தொகை தருகிறது. நகரத் திட்டமிடல், நிலவடிவமைப்பு எல்லாம் அதில் அடங்கும். கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பார்ப்பது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளுக்கும் பொதுவாக வேலை அனுபவம் கட்டாயம் இல்லை. கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பை முழுதாகப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

சரி, எஸ்.ஓ.பி.க்கு வருவோம். நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

சென்னையில் இருந்து போகும் பெரும்பாலான எஸ்.ஓ.பி.க்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தொடங்கி, 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைத் தொட்டு, 2023 மிக்ஜாம் புயலில் வந்து நிற்கின்றன. எல்லாமே உண்மைதான், நாம் பட்டதுதான். ஆனால் அதைச் செய்தித்தாள் படித்த எவரும் எழுதலாம். தேர்வுக் குழு தேடுவது நீங்கள் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை. அந்தக் கேள்வி ஊர் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, தெரு அளவுக்கு இருந்தால் போதும்.

வேளச்சேரியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் விழும் மழை எங்கே போகிறது? ஏரியின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு, கடைசியில் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு. இந்தப் பாதையை மழைக்காலத்தில் ஒருமுறை நடந்தும் பைக்கிலும் பின்தொடர்ந்து, எங்கே தடுக்கிறது, எங்கே திரும்புகிறது என்று வரைந்து வையுங்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது என்ற தகவலுக்கு அப்புறம்தான் எடை வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைச் சொல்கிறேன். பட்டினப்பாக்கம் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். சாயங்காலம் கடற்காற்று வந்ததும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பொது வராந்தாவில் வந்து உட்காருவார்கள். காய் நறுக்குவது, பூக் கட்டுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எல்லாம் அங்கேதான். மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி, வராந்தாவிலும் வீட்டுக்குள்ளும் வெவ்வேறு நேரங்களில் அளந்து குறித்தாள். அப்புறம் பெரும்பாக்கத்தின் மறுகுடியமர்வு அடுக்குமாடிகளுக்குப் போய் அதையே செய்தாள். அவள் கேட்டது இதுதான்: வீடுகளை உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டும்போது அந்த வராந்தாவின் காற்றை எப்படிக் காப்பாற்றுவது? அதைப் படித்தபோது எனக்கே அவளை உடனே அனுப்பி வைக்க வேண்டும் போல் இருந்தது. உதவித்தொகை அவளுக்குக் கிடைத்தது.

இன்னொன்று, படிப்பவர் குளிர் நாட்டுக்காரராக இருக்கலாம். அங்கே கட்டடம் என்றால் சூட்டை உள்ளே பிடித்து வைப்பது. நமக்கு நேர் எதிர். அதிலும் சென்னையில் இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை, புழுக்கம் வேறு. அதனால் ராஜஸ்தானில் பலன் தரும் தடித்த சுவர் இங்கே அந்த அளவுக்கு உதவாது. நிழலும் நகரும் காற்றும்தான் உடம்புக்கு ஆறுதல். இதை இரண்டே வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்.

"ஏன் இங்கே வந்து படிக்க வேண்டும்?" என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தின் புகழைப் பதிலாக எழுதாதீர்கள். அங்கே இருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையைக் காட்டுங்கள். ராட்டர்டாமில் 2013-இல் திறந்த பெந்தெம்ப்ளைன் சதுக்கம் சாதாரண நாளில் விளையாட்டுத் திடல், பெருமழையில் நீர் தேங்கும் தொட்டி. கோபன்ஹேகன் 2011 ஜூலை மேகவெடிப்புக்குப் பிறகு அடுத்த வருடமே நகரம் முழுமைக்கும் ஒரு பெருமழைத் திட்டம் போட்டது. நம் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் கொட்டுமே, அந்த மாதிரித் திடல் இங்கே தாங்குமா, கொசுவுக்கு என்ன வழி, யார் தூர்வாருவது? இப்படிக் கேட்டு எழுதினால், வெறுமனே வியந்து போய் வருகிறவர் இல்லை இவர் என்று அவர்களுக்குப் புரியும்.

போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பு) பளபளக்கும் ரெண்டர்களை, அதாவது கணினியில் செய்த படங்களை, குறையுங்கள். ஐந்து வருட ஸ்டுடியோ வேலையையும் திணிக்க வேண்டாம். தீசிஸும் இன்னும் இரண்டு மூன்று வேலைகளும் போதும். ஒரு நல்ல செக்ஷனில் (கட்டடத்தின் குறுக்குவெட்டு வரைபடம்) வெயில் எந்த மாதத்தில் எதுவரை உள்ளே வருகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது என்று காட்டுங்கள். கையால் வரைந்தது, சைட்டில் எழுதிய குறிப்பு, அளந்த அட்டவணை எல்லாம் இருக்கட்டும். கட்டாத வடிவமைப்பைவிட, நீங்கள் கவனித்துப் பதிவு செய்த மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட ஒரு பழைய வீடு சில சமயம் அதிகம் பேசும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரைத் தேடி ஓடுவதைவிட, உங்கள் தீசிஸை வாராவாரம் பார்த்த ஆசிரியரைக் கேளுங்கள். அவரால்தான் விவரமாக எழுத முடியும். கேட்கும்போதே எஸ்.ஓ.பி.யின் வரைவையும் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முழு உதவித்தொகையிலும் முதல் மாத வாடகை, முன்பணம், விசா செலவு என்று கைக்காசு கொஞ்சம் தேவைப்படும். பகுதி உதவிதான் கிடைத்தது என்றால், 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை இருக்கிறது. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதை அப்பா அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், அதனால் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை இப்போதே எழுதலாம். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் (படிப்பு முழுவதற்குமான மதிப்பெண் பதிவு) இந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், பல்கலைக்கழகத்தில் இருந்து அது கைக்கு வர நாளாகும். வரைவு தயாரானதும் இங்கேயே கருத்தில் சொல்லுங்கள், நான் படித்துப் பார்க்கிறேன்.