அடர்ந்த வாயுவும் பிறக்காத நட்சத்திரங்களும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘வாயு எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே நட்சத்திரம் பிறக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சுருள் கேலக்ஸிகளின் மையத்தில்தானே அதிகம் பிறக்க வேண்டும்? பால்வெளியின் மையம் இதில் மந்தம் என்று படித்தேன். எது சரி?

க.

அன்புள்ள க.,

நீங்கள் படித்தது சரி. நான் எழுதியது பாதிதான்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதில் துளியளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சயனைடு வெளியிடும் ரேடியோ அலைகளை வைத்துத்தான் அடர்ந்த வாயுவை எடைபோடுகிறார்கள். 2004ல் யூ காவ், பிலிப் சாலமன் என்ற வானியலாளர்கள் இருவரும் 65 கேலக்ஸிகளை இப்படி ஆராய்ந்தார்கள். சயனைடின் ரேடியோ ஒளி இரட்டிப்பாக இருந்த கேலக்ஸியில், புது நட்சத்திரங்கள் சூடாக்கிய தூசியின் அகச்சிவப்பு ஒளியும் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. இவ்வளவு நேரான கணக்கு வானியலில் அபூர்வம். எனக்கும் அது பிடித்துப்போனது.

ஆனால் அது கேலக்ஸி முழுவதையும் மொத்தமாகப் பார்த்த கணக்கு. அப்புறம் ஸ்பெயினின் சியரா நெவாடா மலையிலுள்ள 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியால் எம் 51 உட்பட ஒன்பது சுருள் கேலக்ஸிகளைப் பகுதி பகுதியாக அளந்தார்கள். 2019ல் முழு முடிவும் வெளிவந்தது. மையத்தை நெருங்க நெருங்க, மொத்த வாயுவில் அடர்ந்த வாயுவின் பங்கு கூடுகிறது. அதே அளவு அடர்ந்த வாயு பெற்றெடுக்கும் நட்சத்திரங்களோ குறைகின்றன.

அளவுகோலில்தான் பிழை என்று சிலர் சொல்லலாம். சயனைடு அவ்வளவு அடர்த்தியில்லாத வாயுவிலும் ஒளிர்கிறது என்பதை பால்வெளியிலேயே உள்ள ஓரியன் வாயு மேகங்களில் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் பிழை முழுவதையும் அதன் தலையில் போட என் மனம் ஒப்பவில்லை. காரணம், பால்வெளி மையத்துக்கு அருகே ‘செங்கல்’ என்று அழைக்கப்படும் ஒரு மேகம். சயனைடை நம்பாமல் தூசியை வைத்தே அதை எடைபோட்டிருக்கிறார்கள். லட்சம் சூரியன்களின் நிறை, நல்ல அடர்த்தி, ஆனால் உள்ளே நட்சத்திரப் பிறப்பு அநேகமாக இல்லை. அந்த மையப் பகுதி மொத்தமுமே, அடர்த்தியை வைத்து எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நட்சத்திரம் தருகிறது.

உறை ஊற்றிய பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் தோயாது, இல்லையா? மையத்தில் வாயுவுக்கு அந்த நிலைமை. கொந்தளிப்பு அதிகம். உள்வட்டமும் வெளிவட்டமும் வேறு வேறு வேகத்தில் சுழன்று மேகத்தை இழுத்துப் பிய்க்கின்றன. அங்கே எல்லா வாயுவுமே அடர்த்தி என்பதால், ஒரு திரள் தனித்துச் சுருங்க வேண்டுமானால் தன் சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு அடர்ந்தாக வேண்டும். வெளிக்கரங்களில் போதுமானதாக இருக்கும் அடர்த்தி மையத்தில் வெறும் சராசரி.

பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்: ‘சுற்றுப்புறத்தைவிட வாயு எங்கே மிக அடர்ந்திருக்கிறதோ, அங்கே.’

அன்புடன்.