ரீபவுண்ட் எடுத்தும் பந்து பறிபோகுதா?

உங்க பாஸ்கெட்பால் டீம் பையனுக்கு 14 வயசு, உயரம் 6 அடி 3 அங்குலம், ஆனா ரீபவுண்ட் (கூடையில விழாம திரும்பி வர்ற பந்து) எடுத்ததும் குள்ளப் பசங்க பந்தைத் தட்டிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க சார். பந்தை இடுப்புக்கு இறக்கிட்டுத் திரும்ப எம்புறான், அதுதான் காரணம். பிடிச்ச பந்து தாடைக்குக் கீழே வரவே கூடாது. முழங்கைகள் விரிஞ்சிருக்கணும், ஆனா வீசினா ஃபவுல்.

தினமும் மிக்கன் டிரில் கொடுங்க. ரிங்குக்கு அடியில நின்னு, பந்தைத் தரையில தட்டாம, வலது கை, இடது கைன்னு மாறி மாறி 20 கூடை, மூணு சுற்று. வலது கைக்கு இடது கால்ல எம்பணும், இடது கைக்கு வலது கால்ல. பெரும்பாலும் இங்கதான் தடுமாறுவான். வேகம் வேண்டாம், முதல்ல காலைச் சரி பண்ணுங்க. வலையிலிருந்து விழுற பந்தைத் தரையில படவிடாம, தாடைக்கு மேலேயே பிடிக்கணும்.

தயவுசெஞ்சு அவனைப் போஸ்ட்லயே (கூடைக்குப் பக்கத்து இடம்) கட்டிப்போடாதீங்க. நாளைக்கு மத்தவங்களும் வளர்ந்துடுவாங்க. கூடையை விட்டுத் தள்ளி, ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நிறுத்தி, கூடையை நோக்கிச் சட்டுன்னு ஓடுறவங்களுக்குப் பாஸ் கொடுக்கவும் பழக்குங்க.