மனித முயற்சி எல்லாம் கைவிட்ட பிறகு கடவுளின் வாக்குத்தத்தத்தை எப்படி நம்புவது?

"உபவாசம் இருந்தேன், கடன்பட்டேன், ஆட்களிடம் கெஞ்சினேன், ஒன்றும் சரிவரவில்லை. இன்னும் வாக்குத்தத்தத்தை நம்பு என்கிறார்கள். எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. வாக்குத்தத்தங்களை அச்சடித்து விற்றவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பா தொடங்கிய சின்ன அச்சகம் எங்களுடையது. ஒரு பழைய ஹைடல்பர்க் அச்சு மெஷின், ஒரு கட்டிங் மெஷின், என்னோடு மூன்று பேர். வருஷம் முழுக்கக் கலியாணக் காட், பில் புத்தகம், மரண அறிவித்தல். டிசம்பர் பிறந்தால் வாக்குத்தத்த அட்டை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 31ஆம் திகதி இரவு ஆராதனை முடியும்போது சபையில் ஒரு தட்டு வரும். அதில் வசனம் அச்சிட்ட அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்கு அது. பைபிளுக்குள் வைத்துக்கொள்வோம், சிலர் பர்ஸில்.

அச்சடிக்கிறவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த வசனம் எத்தனை பிரதி என்று அவனுக்குத் தெரியும். எதை அடிக்கச் சொல்லவில்லை என்றும் தெரியும். யோவான் 16:33 வராத பட்டியலே இல்லை. ஆனால் "திடன்கொள்ளுங்கள்; நான் உலகத்தை ஜெயித்தேன்" என்ற பாதிதான் வரும். அதற்கு முன்னால் இருக்கிற "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதை அடிக்கச் சொல்லி இருபது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் அதே வாயிலிருந்து வந்த வாக்குத்தானே.

2021 டிசம்பர் 31 இரவு என் கைக்கு வந்தது எரேமியா 29:11. நானே அடித்த அட்டை. நீலம் ஒரு நூல் விலகி, எழுத்துகளுக்குப் பின்னால் பேய் மாதிரி நிழல் விழுந்திருந்தது. கழிவுப் பெட்டியில் போயிருக்க வேண்டியது, எப்படியோ தட்டுக்குப் போய்விட்டது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம். நான் எதிர்பார்த்த முடிவு என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்: மெஷினுக்குப் புது ரோலர், மூத்தவளின் படிப்புச் செலவு, லீசிங் கடன் முடிவது. எல்லாம் எழுத்தில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

2022இல் என்ன நடந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கடதாசி முழுக்க வெளிநாட்டுச் சாமான். புறக்கோட்டையில் காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை, பிறகு கடதாசியே இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளையே கடதாசி இல்லாமல் தள்ளிவைத்தார்கள். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கலியாணம் வைத்தவர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பி அழைக்கப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் திரும்பவும் மாறவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மனைவியின் காப்புகளைச் செட்டியார் தெருவில் அடகு வைத்தேன். தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம். ஏப்ரலில் வெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். விதைக் காணிக்கை போட்டால் தொண்ணூறு நாளைக்குள் அறுவடை என்றார். 25,000 ரூபா போட்டேன். அந்த மாதம் மெஷின் ஓட்டுகிற தொழிலாளிக்கு, பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், சம்பளம் இரண்டு கிழமை பிந்தித்தான் கொடுத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிரசங்கியாரில் எனக்குக் கோபம் உண்டுதான், ஆனால் பாஸின் காசை எடுத்துப் போட்டது என் கை.

தொண்ணூறு நாள் ஜூலையில் முடிந்தது. அன்று நான் ஆமர் வீதிப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் கியூவில், இரண்டாவது நாள். பைக்குள் சின்ன பைபிள் இருந்தது. அட்டை அதற்குள். ஆண்டவரோடு கணக்குத் தீர்க்கிற எண்ணத்தில்தான் எரேமியாவைத் திறந்தேன். 29:11ஐ அல்ல, முழு அதிகாரத்தையும் வாசித்தேன். கியூவில் வேறென்ன வேலை.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பியது. அட்டையில் இருக்கிற பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்தாம் வசனம் இருக்கிறது: எழுபது வருஷம் நிறைவேறின பிறகு. எழுபது! பாரசீக அரசன் கோரேசு திரும்பிப் போக அனுமதி கொடுத்த கி.மு. 538இல், அந்தக் கடிதத்தை வாசித்த பெரிய ஆட்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நம்முடைய மொழிபெயர்ப்பில் வருகிற இடத்தில் மூலத்தில் இருப்பது எதிர்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள் என்று பிறகு ஒரு வேதாகம ஆசிரியர் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் எதிர்பார்க்கிற முடிவு என்று அதற்குள் என் லீசிங் பத்திரத்தைச் செருகியது நான்தான்.

ஒரு பக்கம் பின்னால் திருப்பினால் 28ஆம் அதிகாரம். அனனியா என்றொரு தீர்க்கதரிசி. பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சனத்துக்கு முன்னால் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கைதட்டு அவனுக்குத்தான் கிடைத்திருக்கும். எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் குறுகிய தவணை சொன்னவன் பொய்த் தீர்க்கதரிசி, எழுபது வருஷம் சொன்னவர் உண்மையானவர். தொண்ணூறு நாள் என்று கேட்டபோது நானும் ஆமென் சொன்னேன். அனனியாவுக்கு.

அந்த எழுபது வருஷமும் என்ன செய்வது? ஐந்தாம் வசனம்: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். பாபிலோனிலேயே! முயற்சியை விடு, விசுவாசம் போதும் என்று அங்கே இல்லை. மனித முயற்சி என்றாலே அவிசுவாசம், வாக்குப்பண்ணின பிள்ளைக்குக் காத்திராமல் ஆபிரகாம் அடிமைப்பெண் ஆகாரிடம் போன மாதிரி என்று சிலர் பிரசங்கிப்பதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அடகு வைத்தது என் பிழை இல்லை. என் முயற்சி எந்த முடிவில் போய் நிற்க வேண்டும் என்று ஆண்டவருக்குக் கட்டளை போட்டதுதான் பிழை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். பெரிய ஞானம் கிடைத்துவிட்ட மாதிரித்தான் சொல்லியிருப்பேன். அவள், "அப்ப தோட்டம் போடச் சொல்லித்தானே இருக்கு, மையிருந்த வாளி நாலைக் கழுவிக் கொண்டாங்கோ" என்றாள். பல்கனியில் மிளகாயும் வல்லாரையும் வைத்தாள். முதல் வாளி மிளகாய்க்கு நீல மை வாசம் என்று மூத்தவள் தொடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம்.

ஆகஸ்டில் மெஷினை விற்றேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. லொறியில் ஏற்றும்போது பாஸ் பெல்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வாங்கியவரிடம் கொடுத்தார். அப்பா காலத்து ஆள், கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர். "தம்பி, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன்" என்றார். மெஷினைக் காப்பாற்றித் தரும்படி கேட்டாராக்கும் என்று நினைத்தேன். "போற இடத்துலயாவது நல்லா ஓடணும்னு கேட்டேன்" என்றார். வேதத்தில் நான் கியூவில் நின்று தேடிப் படித்தது அவருக்கு முதலே தெரிந்திருந்தது.

நீங்கள் கேட்டது எப்படி நம்புவது என்று. சில நாள் நம்பினேன், சில நாள் நம்பவில்லை. மூன்று நான்கு மாதம் வாயைத் திறந்து ஜெபிக்க முடியவில்லை. சபையில் மற்றவர்கள் பாடும்போது சும்மா நின்றேன். அவர்களுடைய சத்தம் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கில் ஒரு தகப்பன் கதறுகிறானே, அதற்கு மேல் என்னிடம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. அந்தத் தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. உங்களுக்கு இப்போது ஒன்று சொல்லலாமென்றால், உங்கள் அட்டையில் இருக்கிற வசனத்தின் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். தவணை சொல்லிக் காசு கேட்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் இருந்தால் முதலில் அவருக்குக் கொடுங்கள்.

இப்போது வெள்ளவத்தையில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் சம்பளத்துக்கு வேலை. காப்பில் இரண்டு மீண்டது, இரண்டு ஏலத்தில் போனது. கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போன டிசம்பரில் பழைய சபை ஒன்று அட்டைக்கு வந்தது. பட்டியலில் வழமை போல யோவான் 16:33இன் பாதி. நான் முழுவதையும் ரைப் பண்ணி மாதிரி அனுப்பினேன். பாஸ்டர் எடுத்தார். "பிரதர், உபத்திரவம் உண்டு என்று வருதே. புது வருஷத்தில் ஒரு ஆள் இதை எடுத்தால் மனசு உடைஞ்சிடாதா?"

"எனக்கு அது வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் பாஸ்டர்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் குறுஞ்செய்தி வந்தது: "அடியுங்கோ. ஐம்பது மட்டும்."