போர்ட்ஃபோலியோவை ஏ.ஐ.யிடம் கொடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் புரோக்கர் ஆப்பை கிளாட் மாதிரி ஏ.ஐ.யுடன் இணைக்கலாம் என்கிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டுமா? அது பாட்டுக்குப் பங்கை விற்றுவிடாதா?
– வாசகர், வேளச்சேரி

பாஸ்வேர்டு, பின், ஓ.டி.பி. எதையும் சாட்டில் டைப் செய்யவே கூடாது. கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரியான இணைப்பு, ஏ.ஐ.யை வெளிச் சேவைகளுடன் இணைக்கும் எம்.சி.பி. என்ற பொது முறையில் நடக்கிறது. கிளாடை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது இது. இந்தியாவில் ஜெரோதா என்ற புரோக்கர் நிறுவனம் 2025-ல் தன் கைட் வர்த்தகத் தளத்துக்கு இதைக் கொண்டுவந்தது. கிளாடில் கனெக்டர்ஸ் பகுதிக்குப் போய், புதிய கனெக்டரைச் சேர்த்து, புரோக்கரின் உதவிப் பக்கத்தில் இருக்கும் முகவரியை ஒட்டுங்கள். தேடுபொறி விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ வந்த முகவரி வேண்டாம். பிறகு "என் ஹோல்டிங்ஸைக் (கையிருப்புப் பங்குகளைக்) காட்டு" என்று கேட்டால் ஒரு லாகின் லிங்க் வரும். அது திறப்பது புரோக்கரின் சொந்தப் பக்கம்தானா என்று முகவரிப் பட்டையில் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். ஏ.ஐ.க்குப் போவது தற்காலிக அனுமதி மட்டுமே, பாஸ்வேர்டு போகாது. மறுநாள் "செஷன் முடிந்தது" என்று வந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். மறுபடி லாகின் செய்தால் போதும்.

விற்றுவிடுமா என்பது, இணைப்பில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கனெக்டர் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். ஹோல்டிங்ஸ், பொசிஷன்ஸ் (இன்னும் முடிக்காத வர்த்தகங்கள்), விலை ஆகியவற்றைப் படிக்கும் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆர்டர் போடும் கருவி இருந்தால் அணைத்துவிடுங்கள். "எப்போதும் அனுமதி" பொத்தானையும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கட்டும்.

கேள்வி: இணைத்துவிட்டேன். ஆனால் லாபம் தாறுமாறாக வருகிறது. நேற்று வாங்கிய பங்கையே காணோம். ஏ.ஐ. உளறுகிறதா?
– வாசகி, பெரம்பூர்

பெரும்பாலும் ஏ.ஐ. மேல் தப்பில்லை. வந்து சேரும் தரவிலேயே நான்கு குழிகள் இருக்கின்றன.

முதலாவது செட்டில்மென்ட், அதாவது வாங்கிய பங்கு கைக்கு வந்து சேர்வது. திங்கட்கிழமை வாங்கிய பங்கு செவ்வாய்க்கிழமைதான் டீமேட்டில் (மின்னணுப் பங்குக் கணக்கில்) ஏறும். அதுவரை டி1 என்ற தனிக் கட்டத்தில் நிற்கும். அடகு வைத்த பங்குகளும் அப்படியே, கொலாட்டரல் என்று தனியாக வரும். "குவான்டிட்டி, டி1, கொலாட்டரல் மூன்றையும் கூட்டிச் சொல்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழைய டீமேட்டிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பங்கு. புது புரோக்கருக்கு அதன் வாங்கிய விலை தெரியாது, பூஜ்யமாகவே கிடக்கும். 400 ரூபாய் விலையில் 200 பங்கு இருந்தால், 80,000 ரூபாயும் லாபமாகக் காட்டும். ஏ.ஐ.யிடம் வாதாடிப் பயனில்லை. புரோக்கர் தளத்தில் வாங்கிய தேதியையும் விலையையும் நீங்களே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது போனஸும் கம்பெனிப் பிரிவினையும். தலா 1,000 ரூபாய்க்கு வாங்கிய 100 பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் (இலவசப் பங்கு) வந்தால், திரையில் 200 பங்கு, சராசரி 500 ரூபாய் என்று இருக்கும். வரிக் கணக்கு வேறு: முதல் 100 பங்கின் விலை தலா 1,000, போனஸ் 100-ன் விலை பூஜ்யம், அதை வைத்திருந்த காலமும் ஒதுக்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். ஐ.டி.சி.யிலிருந்து 2025 ஜனவரியில் ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பிரிந்தபோது, 10 பங்குக்கு 1 கிடைத்தது. இத்தகைய பிரிவினையில் பழைய விலையைக் கம்பெனி அறிவிக்கும் விகிதப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

நான்காவது வரி, பணம் கடிக்கிற இடம் அதுதான். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளுக்கு, அன்றைய உச்ச விலையை அடக்க விலையாக எடுக்கலாம், விற்ற விலைக்கு மேல் போகாமல். 100 ரூபாய்க்கு வாங்கியது, அன்று 320, இப்போது 500-க்கு விற்றீர்கள் என்றால் லாபம் 180 ரூபாய்தான். ஏ.ஐ. 400 என்று சொல்லும், ஏனென்றால் அந்த 320 அதன் கையில் இல்லை. 2024 ஜூலை 23-லிருந்து நீண்டகால (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த) லாபத்துக்கு 12.5 சதவீத வரி, ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு. குறுகிய காலத்துக்கு 20 சதவீதம். பழைய 10, 15 சதவீதத்தில் ஏ.ஐ. கணக்குப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு மியூச்சுவல் ஃபண்டு மட்டும்தான். கேம்ஸ் அனுப்பும் பி.டி.எஃப்.பை அப்படியே போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

அப்படியே வேண்டாம், ஐயா. ஃபண்டு நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டின் ஃபண்டுகளையும் சேர்த்துத் தரும் விவர அறிக்கையில், முகவரி, கைபேசி எண் மட்டுமல்ல, ஒவ்வொரு ஃபோலியோவின் (ஃபண்டுக் கணக்கின்) கீழும் பான் எண் அச்சாகியிருக்கும். முதல் பக்கத்தைக் கிழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. தேதி, ஃபண்டின் பெயர், தொகை, யூனிட், என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) ஆகிய ஐந்தை மட்டும் எக்ஸெலில் எடுத்து, அந்த ஃபைலைக் கொடுங்கள். பி.டி.எஃப். பூட்டைத் திறக்கப் பான் எண்ணையோ பாஸ்வேர்டையோ சாட்டில் எழுதவே வேண்டாம்.

தவணைத் தேதிகளையும் சேர்த்து ஆண்டு வருமானத்தைக் காணும் கணக்குக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று பெயர். வருமானம் கேட்கும்போது, "எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.ஐ புரோகிராம் எழுதி ஓட்டிச் சொல்" என்று கேளுங்கள், மனக்கணக்காகச் சொன்னால் தவறும். மாதத் தொடக்கத்தில் 10,000 வீதம் 12 தவணை, ஆண்டு முடிவில் மதிப்பு 1,27,200 என்றால், மேலோட்டமாக 6 சதவீதம். தவணை போன தேதிகளைச் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம். விடை 6 என்று வந்தால் தேதிகளை அது பார்க்கவில்லை.

கேள்வி: எதை விற்கலாம் என்று அதனிடமே கேட்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

வேண்டாம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவுபெற்ற ஆலோசகர் ஏ.ஐ.யைப் பயன்படுத்தினால்கூட, ஆலோசனைக்குப் பொறுப்பு அவருடையதே. சாட் பெட்டிக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. "ஒரே துறையில் எத்தனை சதவீதம் குவிந்திருக்கிறது, என் இரண்டு ஃபண்டுகளிலும் பொதுவாக உள்ள பங்குகள் எவை" என்று கேளுங்கள். அதில் அது கெட்டி. ஃபண்டு நிறுவனங்கள் மாதாமாதம் வெளியிடும் போர்ட்ஃபோலியோ எக்ஸெல் இரண்டையும் கூடவே கொடுத்தால், விடையை வரிக்கு வரி நீங்களே சரிபார்க்கலாம்.