வழுவழுப்பான குழலுக்குக் கடின ஈயக்குண்டு

பிரவுன் பெஸ் (பழைய பிரிட்டிஷ் படையின், வாய்வழியாக மருந்தும் குண்டும் இடும் வழுவழுப்புக் குழல் துப்பாக்கி) நகலில், கார்ச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய ஈய எடைகளை உருக்கி வார்த்த குண்டுகளைச் சுட்டால் குழல் தேய்ந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். தேயாது. தூய ஈயத்தின் பிரினெல் கடினம் (உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்) ஏறத்தாழ 5, ஆண்டிமனி கலந்த அந்த எடைகளுடையது 10-ஐ ஒட்டியது, குழலின் எஃகோ 100-க்கும் மேல்.

மென்மையான ஈயமே வேண்டும் என்ற அறிவுரை மரையுள்ள, அதாவது உட்புறம் சுருள் வரிகள் வெட்டிய, குழல்களுக்கு உரியது. அங்கே மினியே குண்டு எனப்படும் கூம்பு வடிவக் குண்டின் குழிந்த அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து மரையைப் பற்ற வேண்டும். உங்கள் குழலில் பற்றுவதற்கு மரையே இல்லை.

கவனிக்க வேண்டியது குண்டின் அளவுதான். கலப்பு ஈயம் ஆறும்போது குறைவாகச் சுருங்குவதால், அதே அச்சில் வார்த்தாலும் குண்டு சற்றுப் பெரிதாக வரும்; இறுக்கமான துணியுடன் திணிக்கும்போது தூய ஈயத்தைப் போல நெகிழ்ந்தும் கொடுக்காது. சுமார் 19 மி.மீ. குழலில் 17.5 மி.மீ. குண்டு என்ற பழைய படை வழக்கத்தைப் பின்பற்றினால் இடைவெளி தாராளம். அதைவிடப் பெரிய குண்டு என்றால் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். பாதிவழியில் சிக்கியதைச் சுட்டு வெளியேற்ற முயலாதீர்கள், ஏனெனில் வெடிமருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். குண்டு மருந்தின்மேல் முழுமையாக அமர்ந்ததா என்பதைத் திணிகோலில் ஒரு கோடிட்டு உறுதிசெய்யலாம்.

கடினக் குண்டு பாறையிலும் இரும்பு இலக்கிலும் பட்டு அதிகமாகத் தெறிக்கும். புதிய சக்கர எடைகளில் பல துத்தநாகம்; அது 420 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால், உலையை அதற்குக் கீழே வைத்து மிதப்பவற்றை வழித்து எடுத்துவிடுங்கள்.