புரட்டாசியில் நிறுத்திய மாத்திரை

மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. எனக்கு இதய நோய் வந்ததில்லை. ஆனால் என் தகப்பனார் 52 வயதில் மாரடைப்பில் காலமானார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.3 மில்லிமோல் என்று வந்ததால் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். சர்க்கரை எல்லையில் இருக்கிறது. சில மாதங்களாகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி. இந்த மாத்திரை தசையை அரிக்கும், சர்க்கரை நோயைக் கொண்டுவரும், ஞாபக மறதியை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. புரட்டாசி முழுவதும் சைவம் மட்டுமே சாப்பிட்டதால் மாத்திரையையும் நிறுத்தி வைத்தேன். வலி குறைந்தது போலத்தான் இருந்தது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மாத்திரையால் உங்களுக்கு எவ்வளவு நன்மை என்பது ஒன்று. கால் வலிக்கு மாத்திரைதான் காரணமா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு எடுக்க முடியும்.

நம் இரத்தத்தில் ஓடும் கொழுப்பின் பெரும்பகுதி தட்டிலிருந்து நேரே வருவதில்லை. கல்லீரலும் உடலின் பிற செல்களும் தயாரிப்பது. அந்தத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை, உங்கள் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த ஸ்டேட்டின் என்ற மருந்து வகை தடுக்கிறது. கல்லீரல் தன் தேவைக்காக இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ மேலும் மேலும் இழுத்துக்கொள்ள, இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. இந்த வகை மருந்தை 1970களில் பூஞ்சையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஏற்கெனவே இதய நோய் கண்டிருந்த 4,444 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இறந்திருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின் எடுத்தவர்களில் எட்டுப் பேர். மறு ஆண்டு ஸ்காட்லாந்தில், மாரடைப்பே வராத, ஆனால் கொழுப்பு அதிகமுள்ள 6,595 ஆண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு எட்டிலிருந்து ஐந்தரையாகக் குறைந்திருந்தார்கள்.

பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஒரு மில்லிமோல் இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று தெரிய வந்தது. ஆனால் எதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்டாக வேண்டும். பத்தாண்டுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மாரடைப்பு வரக்கூடிய ஒரு கூட்டத்தில், உங்கள் அளவு மாத்திரையால் ஒருவர் தப்பலாம். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வரக்கூடிய கூட்டத்தில் ஐந்து பேர் வரை தப்பலாம். தகப்பனாருக்கு 55 வயதுக்கு முன்பே வந்த மாரடைப்பு, பிரஷர், எல்லையில் நிற்கும் சர்க்கரை, நம் இந்திய வம்சாவளியினருக்கு இதய நோய் சற்று முன்னதாகவே வரும் இயல்பு ஆகிய எல்லாம் உங்களை இரண்டாவது கூட்டத்தின் பக்கம் தள்ளுகின்றன என்பதே என் கருத்து. உங்கள் டாக்டரிடம் பத்தாண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனிக் கால் வலி. வலி உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. காரணம் எது என்பதில்தான் நாம் எளிதில் ஏமாந்து போகிறோம். 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஸ்டேட்டின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 27.1 பேர் தசை வலி அல்லது தளர்ச்சி இருப்பதாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 பேர் அதையே சொன்னார்கள். நடுத்தர வயதுக்குப் பின் கால் வலி அவ்வளவு பொதுவானது. இங்கிலாந்தில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்தியிருந்த 60 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டேட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் மாத்திரையே இல்லை; மாத்திரை இருந்த புட்டிகளில் எதில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெற்று மாத்திரை மாதங்களிலும் ஏறக்குறைய ஸ்டேட்டின் மாதங்களின் அளவுக்கே தொல்லை இருந்தது. அந்த முடிவைப் பார்த்தபின் பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள். நீங்கள் புரட்டாசியில் மாத்திரையை நிறுத்தியது உங்களுக்கே தெரியும் என்பதால், அந்த மாதத்து நிம்மதியை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது.

இதனால் ஸ்டேட்டின் தசையைத் தொடவே தொடாது என்று எண்ணிவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன், அம்மன் கோவிலில் கூழ் ஊற்றிய மறுநாள், ஓர் அம்மா என்னிடம் வந்தார். முந்தைய நாள் கூழ்ப் பானையைத் தூக்க முடியாமல் அப்படியே இறக்கி வைத்துவிட்டதாகவும், நாற்காலியிலிருந்து எழுவதற்கே இரு கைகளையும் ஊன்ற வேண்டியிருப்பதாகவும் சொன்னார். கோவில் வேலையின் அசதி என்று நினைத்து, வலி மாத்திரை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்து, அம்மாவுக்குச் சிறுநீர் செம்பழுப்பாக, ரூய்போஸ் தேநீர் நிறத்தில் போகிறது என்றார். சிம்வாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்த அவருக்கு, இருமலுக்காக வேறோர் இடத்தில் கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டிபயாட்டிக் ஸ்டேட்டினை உடலிலிருந்து கழியவிடாமல் தேக்கிவிடும். தேங்கிய மருந்து தசையைச் சிதைத்து, சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய வலி மாத்திரையும் அந்தச் சிறுநீரகத்துக்கு ஒரு கூடுதல் சுமை. மருத்துவமனையில் சேர்த்து, அவர் தேறி வந்துவிட்டார். புதிதாக வேறு மருந்து ஏதும் எடுத்தீர்களா என்ற ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இவ்வளவு கடுமையான தசைச் சிதைவு இலட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது என்றாலும், எழுந்து நிற்க முடியாத தளர்ச்சியோ கருத்த சிறுநீரோ கண்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எரித்ரோமைசின், சில பூஞ்சை மருந்துகள், எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனவிர் சேர்ந்த மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் நாட்டில் ஏராளமாக விளையும் கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாற்றை அதிகமாகக் குடித்தாலும் சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் இரத்தத்தில் கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தசை நொதியான சி.கே., தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். அதைப் பாராமல் ஸ்டேட்டின்மீது பழி போடுவது அடிக்கடி நடக்கிறது. பரிசோதனை சரியாக இருந்தால், டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, மறுபடி தொடங்கி, தினமும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தொடங்கியதும் வலி திரும்பி வந்தால், குறைந்த அளவுக்கோ ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் போன்ற வேறொன்றுக்கோ மாறலாம். எசெட்டிமைப் என்ற துணை மருந்தும் உண்டு. தைராய்டிலும் குறையில்லை, நிறுத்தியும் வலி போகவில்லை என்றால் முழங்காலையும் இடுப்பையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை பற்றிய செய்தியில் உண்மை இருக்கிறது. பத்தாயிரம் பேர் ஐந்தாண்டு எடுத்தால் ஏறத்தாழ ஐம்பது முதல் நூறு பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் தெரிய வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல ஏற்கெனவே எல்லையில் இருப்பவர்கள். ஆகவே ஆண்டுதோறும், சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைப் பாருங்கள், மாலையில் நடை போங்கள். சர்க்கரை வந்தவர்களுக்கும் இதயத்தைக் காக்க இதே மாத்திரையைத்தான் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஞாபக மறதியைப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சைவ உணவால் எல்.டி.எல். ஓரளவு குறையும், ஆனால் வடையும் பூரியும் நெய்ப் பலகாரமும் தேங்காய்ப்பால் பாயசமும் நிறைந்த சைவத்தில் அந்தப் பயன் கரைந்துவிடும். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வரும் புரட்டாசியில் விரதம் இருங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். வயது 58. போன ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எல்.டி.எல். 1.6தான். எண் நன்றாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு?

பதில்: ஐயா, அந்த எண் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பை மட்டும் திறந்திருக்கிறது. மற்ற இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இம்மருந்தின் பயன் மிக அதிகம், நிறுத்தாதீர்கள். செலவு காரணமாக யோசிக்கிறீர்கள் என்றால், அரசு கிளினிக்கில் இது கிடைக்கிறது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், அத்திட்டங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் அதிகக் கொழுப்பும் இருப்பதால், டாக்டரிடம் பதிவுப் படிவம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஒல்லியாகத்தான் இருக்கிறேன், எல்.டி.எல். மட்டும் 7.4. என் அண்ணன் 38 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். ஆயுள் முழுதும் மாத்திரை என்கிறார்கள். நாங்கள் குழந்தை பெற நினைக்கிறோம்.

பதில்: அம்மா, அண்ணனை இழந்த துயரத்தோடு இதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பு நோயைப் போல இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம் நாட்டில், டச்சு வழி வந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் மக்களிடம் இன்னும் அதிகம். உடல் எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு போன்ற நாணை விரலால் அழுத்திப் பாருங்கள். தடிப்போ முண்டோ தென்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் விஷயத்தில் நன்மையையும் பக்கவிளைவையும் எடை போட அதிக நேரம் தேவையில்லை, மாத்திரை வேண்டும். ஆனால் கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் வழக்கமாக அதை நிறுத்தி வைக்கிறோம். ஆகவே கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே டாக்டரிடம் நாள் குறித்து நிறுத்தி, பால் மறக்கடித்ததும் மீண்டும் தொடங்குங்கள். தெரியாமல் ஓரிரு வாரம் எடுத்திருந்தால் அஞ்ச வேண்டாம். உடனே நிறுத்தி, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, தள்ளிப்போடக் கூடாதது. இந்நோய் உள்ள ஒருவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், அண்ணியிடம் பேசி, அவர்களுக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எட்டுப் பத்து வயதிலேயே சிகிச்சை தொடங்க முடியும்.