அவசரப்பட்ட பேஷ்

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னீர்களே என்று கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1977 கார்னெல் கச்சேரியைக் கேட்டேன். பாட்டு முடிவேனா என்கிறது. நடுவில் ஒருவர் கூட்டத்தைப் பின்னால் நகரச் சொல்கிறார். அதையும் ஒலிப்பதிவில் வைத்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் சுத்தமாகப் பாடியது இருக்கும்போது இதை எதற்குக் கேட்க வேண்டும்?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மன்னார்குடிக்காரர் கேட்கிற கேள்வியா இது? நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் அடங்கிக் கிடைத்தது. இருந்தும் நம் சனம் துண்டை விரித்து வீதியில்தான் விடியவிடிய உட்கார்ந்திருந்தது. கூட்டத்தை நகரச் சொல்லும் அந்தக் குரல் எனக்கு 'சாமி வருது, விலகு' என்றுதான் கேட்கிறது.

1977 மே 8, இதாகா ஊரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். ஒலிப்பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி. அவருடைய டேப்புகள் 1986இல் ஏலத்தில் யார் யார் கைக்கோ போயின. முறையான வெளியீடு 2017இல்தான் வந்தது. அதுவரை ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்தே கேட்டார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் எங்கள் ஊர்த் திருவிழாவில், வடக்கு வீதியில் சாமி நின்றபோது நாகஸ்வரத்தில் வாசித்த கரகரப்ரியா ராகத்தை டேப் ரிக்கார்டரில் பிடித்தேன். ஜெனரேட்டர் இரைச்சல், சுண்டல்காரர் குரல் எல்லாம் உண்டு. 60 நிமிடக் கேசட். ஒரு பக்கம் தீர்ந்து திருப்பிப் போடுவதற்குள் கொஞ்சம் போயே போய்விட்டது. பல வருடம் கழித்துப் போட்டுக் கேட்டால், ஓரிடத்தில் என் குரல், 'பேஷ்!' என்று. அந்த இரவின் உச்சம் அதுதான் என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஆனால் அந்தப் பேஷுக்குப் பிறகு நாகஸ்வரக்காரர் தாரஸ்தாயி என்கிற மேல் ஸ்தாயியிலிருந்து ஒரே மூச்சில், ஆர்ப்பாட்டமே இல்லாமல் இறங்கி வருகிறார். நான் அப்போது பக்கத்தில் இருந்தவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பதிவாகியிருக்கிறது!

கார்னெலிலும் அப்படி ஓரிடம் உண்டு. அந்த 'நகருங்கள்' பேச்சுக்குப் பிறகு இரண்டு பாடல்களை நிறுத்தாமல் இணைத்து 25 நிமிடத்துக்கு மேல் வாசிப்பார்கள். முதல் பாட்டு கரைந்துவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை. நம் இரட்டைத் தவில் போல இரண்டு டிரம்காரர்கள் தாளத்தை விடாமல் பிடித்திருக்க, ஃபில் லெஷின் பேஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்தாயிக் கிட்டார், மெல்ல வழி தேடும். இன்னொரு முறை கேட்டால் மேலே ஓடும் கிட்டாரை விட்டுவிட்டு அந்தப் பேஸைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

அப்போதும் பிடிக்காவிட்டால் அணைத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.